இருபது வண்டுகள் எழுந்து நின்ற காலை

கடந்த வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. எங்கள் விடுதிச் சமையலறையில், விரித்த செய்தித்தாளின் மேல் இருபது அரிசி வண்டுகள் மல்லாந்து கிடந்தன. மூன்று பெண்கள் அவற்றைச் சுற்றிக் குனிந்து நின்றோம்.

ஒருத்தி பவானி — என் அறைத்தோழி, மணமேல்குடிக்காரி, விலங்கியல் மாணவி. பனிக்கட்டியில் வைத்த வண்டு மயங்கிவிடும். வெளியே எடுத்தால் எத்தனை நிமிடத்தில் ஆறு கால்களிலும் எழுந்து நிற்கும்? இதுதான் அவளுடைய ப்ராஜெக்ட். அடுத்தவள் நான். பேசாமல் ஸ்டாப்வாட்ச் பிடிக்க ஓர் ஆள் வேண்டுமென்றாள். புதுக்கோட்டையில் என்னைவிடப் பொருத்தமானவள் கிடைத்திருக்க மாட்டாள். மூன்றாமவர் சமையல்காரர் சரசு அக்கா.

முந்தைய நாள் மாலை, வண்டுகள் இருந்த கண்ணாடிக் குழாயை ஐஸ் பெட்டிக்குள் வைத்தாள் பவானி. இரண்டு மணி நேரத்தில் எடுத்திருக்க வேண்டும். இருவருமே உறங்கிப்போனோம்; காலை எட்டுக்குத்தான் வெளியே எடுத்தோம். பத்து மணிக்கு அவளுடைய ப்ராஜெக்ட்டை மேற்பார்க்கும் மேடம் நேரில் பார்க்க வருகிறார். இருபதும் ஒரே வயதுடையவை. அரிசிக்குள் முட்டையாக இருந்த நாளிலிருந்து அவள் வளர்த்தவை. மாற்று கிடையாது.

"செத்துருச்சுடி…" பவானியின் குரல் உடைந்தது.

"வண்டு செத்ததுக்கு அழுகுற மொத ஆளு நீதான் தாயி!" என்றார் சரசு அக்கா. "ரவையில வண்டு விழுந்தா நானே ஃப்ரிட்ஜுல வெச்சுத்தான் சாகடிக்கிறேன். ஒரு ராத்திரி போதும். கொட்டிரவா?"

செய்தித்தாளின் முனையை அவர் தூக்கிவிட்டார்.

"இருங்க அக்கா!"

சொன்னது நான்தான். இருவரும் வண்டுகளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

பவானி எனக்கு விளக்கியிருந்தது நினைவில் இருந்தது. குளிர் ஏறும்போது பூச்சியின் உடலுக்குள் உப்புகள் இடம் மாறிவிடுகின்றன. நரம்பு சொல்வதைத் தசை கேட்பதில்லை. வெதுவெதுப்பு திரும்பினால் உடல் அந்த உப்புகளை மெல்ல மெல்ல அவற்றின் இடத்துக்கே தள்ளிவிடுகிறது. அதற்கு அவகாசம் வேண்டும். அசையாதிருப்பவர்களைப் பற்றி எவ்வளவு விரைவில் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்! வகுப்பில் வாய் திறக்காத எனக்கு இது நன்றாகவே தெரியும்.

பதினொன்றாம் நிமிடம். ஒரு கால் துடித்தது. காற்றாக இருக்க முடியாது — மின்விசிறியை நிறுத்தியதே நான்தான்.

பிறகு இன்னொரு கால். புரண்டது. நின்றது!

"இங்கிட்டு ஒண்ணு எந்திரிச்சிருச்சு பாரு!" அக்கா கூவினார். "அங்கிட்டு ரெண்டு! எந்திரிடா ராசா, எந்திரி!"

வண்டுக்கு எதிராக வாழ்நாளெல்லாம் முறம் பிடித்த கை அது. இப்போது கைதட்டிக்கொண்டிருந்தது.

ஒன்பதே முக்காலுக்குப் பத்தொன்பது நின்றன. கடைசி வண்டு மட்டும் கிடந்தது. அக்கா விரலை நீட்டினார்.

"தொடாதீங்க அக்கா. தொட்டா செத்த மாதிரி நடிக்கும்."

"காலையில எழுப்புனா எங்க வீட்டுக்காரரும் அப்பிடித்தான்."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு அடங்கும்முன் இருபதாவதும் எழுந்து நின்றது. பவானி என்னைக் கட்டிக்கொண்டதில் ஸ்டாப்வாட்ச் கீழே விழுந்தது. நேரத்தை அதற்குள் குறித்துவிட்டேன் என்பதையும் இங்கே பதிவுசெய்கிறேன்.

மேடம் வந்தார். மறந்து தூங்கியதை மறைக்காமல் சொன்னாள் பவானி.

"ராத்திரி முழுக்க ஐஸ்லயா? இருபதுமா? அதையே தனியா எழுதும்மா, நல்லாருக்கும்," என்றார் மேடம்.

எல்லோரும் சிரித்தோம், சரசு அக்காவைத் தவிர.

"அப்ப… செத்துருச்சுன்னு இத்தனை வருசமா நான் சலிச்சுக் கொட்டுனதெல்லாம்?"

"எங்க கொட்டுவீங்க அக்கா?"

கையை நீட்டிக் காட்டினார். ஸ்டோர் ரூம் ஜன்னலுக்கு வெளியே. ஜன்னலுக்கு உள்ளே… எங்கள் அரிசி மூட்டைகள்.

ஆக, வண்டுகளை அவர் ஒருநாளும் கொன்றதில்லை. ஏசி அறையில் ஓர் இரவு தங்கவைத்து, காலையில் பந்திக்கு அனுப்பியிருக்கிறார்!