மூன்று இசைத்தட்டு முடிவதற்குள்

போன வருடம் ஐப்பசி மழை தொடங்குவதற்குச் சற்று முன்பு, ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த சுந்தரபாண்டியத்தில் நடந்தது இது. எனக்கு ஊர் ராஜபாளையம். எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். பிழைப்பு அது, கிறுக்கு வேறு. தானாகவே தட்டு மாற்றிக்கொள்ளும் பழைய ரெக்கார்டு பிளேயர் எங்கே இருப்பதாகத் தெரிந்தாலும் கடையைப் போட்டது போட்டபடி கிளம்பிவிடுவேன். "எப்ப வருவீங்க?" என்று மனைவி கேட்பாள். பதில் சொல்லாமலே பைக்கை எடுத்துவிடுவேன். அந்தக் கேள்வியே எனக்கு எரிச்சலாக இருக்கும்.

அந்த மாதிரிப் பிளேயரைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நடுவில் நிற்கும் கம்பியில் ஐந்தாறு இசைத்தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடலாம். ஒன்று பாடி முடித்ததும் முள் இருக்கும் கை தானாக விலகும். அடுத்த தட்டு தொப்பென்று விழும். கை திரும்பி வந்து அதன்மேல் உட்காரும். கடைசித் தட்டும் முடிந்துவிட்டால் 'கிளிக்'கென்று தானே அணைந்துகொள்ளும். இந்தக் கடைசி வேலையை ஒழுங்காகச் செய்யும் பிளேயர் கிடைப்பது அபூர்வம். பெரும்பாலும் உள்ளே இருக்கும் கிரீஸ் இறுகிப்போய், நிற்கத் தெரியாமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

கடைக்கு வந்த ஒருவர் சொல்லித்தான் அந்த வீட்டுக்குப் போனேன். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று விவசாயம் பார்க்கும் பெரியவர். பிள்ளைகள் வெளியூரில். அவருடைய மனைவி வாதத்தில் விழுந்து, சில வருடங்களாகக் கட்டிலோடு கிடந்தார். பேச்சு இல்லை. இடது கை மட்டும் அசையும். கட்டிலுக்கு எதிரே நான் தேடி வந்த பெட்டி, துடைத்து வைத்த பளபளப்போடு நின்றது. அந்த அம்மாவுக்கு வணக்கம் சொல்லும்போதே என் கண் அதன்மேல்தான் இருந்தது.

விலைக்குக் கேட்டேன். பெரியவர் சிரித்துக்கொண்டே, "அதக் குடுத்துட்டு நான் எப்படித் தம்பி வெளிய போறது?" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிராக்கி பண்ணுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து, வயல் மோட்டார் ஓடுவதற்கான மும்முனைக் கரண்டு வந்துவிட்டது.

"செத்த நேரம் இருங்க தம்பி. மோட்டாரப் போட்டு, தண்ணியத் திருப்பிவிட்டுட்டு வந்துருதேன். வந்து காப்பி போடுதேன்" என்று எழுந்தார். மூன்று பெரிய தட்டுகளைத் துணியால் துடைத்துக் கம்பியில் அடுக்கினார். பிறகு கட்டிலருகே குனிந்து, "ஏட்டி, மூணு போட்டுருக்கேன். முடியுமுன்ன வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு ஒரே கொண்டாட்டம். பெட்டியோடு என்னைத் தனியாக விட்டுவிட்டாரே. தட்டு விழும் ஒவ்வொரு முறையும் கீழே உட்கார்ந்து, செல்போன் விளக்கை அடித்து, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அறையில் இன்னோர் ஆள் இருப்பதே மறந்துவிட்டது. கடைசித் தட்டு நாதஸ்வரம். அது விழுந்ததும் அந்த அம்மாவின் பார்வை வாசலுக்குப் போனது. கவனித்தேனே தவிர ஒன்றும் நினைக்கவில்லை.

தட்டு முடிந்தது. கை தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தது. 'கிளிக்'. "அடடா, என்ன சுத்தமா நிக்குது" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

பின்னால் டக் டக்கென்று சத்தம் கேட்டது. அந்த அம்மா இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். இன்னும் பாட்டுக் கேட்கிறார் என்று நினைத்து, "இந்தா போட்டுடுறேன்மா" என்று அதே மூன்றையும் மறுபடி அடுக்கிவிட்டேன். பாட்டுத் தொடங்கியதும் அவர் அழ ஆரம்பித்தார். கை நிற்கவில்லை. பெட்டியைக் காட்டினார், வாசலைக் காட்டினார். திரும்பவும் பெட்டி, திரும்பவும் வாசல். அப்போதுதான் பெரியவர் சொல்லிவிட்டுப் போனது காதில் விழுந்த மாதிரி இருந்தது. முடியுமுன்ன வந்துருவேன்.

கடைக்கு வந்தவர் கொடுத்திருந்த பெரியவரின் நம்பருக்கு அடித்தேன். அங்கேயே ஆணியில் தொங்கிய சட்டைக்குள் மணி அடித்தது. பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அந்த வீட்டுப் பெண்ணின் முகம் மாறிவிட்டது.

"அவிய ஒருநாளும் பிந்துனதில்லையே. பால் வாங்கப் போனா ஒரு தட்டு, வயலுக்குன்னா மூணு. நின்னுபோச்சுன்னா ஆத்தா தவிச்சுப் போகும்னு ஓடியாந்துருவாக" என்றாள். வழி சொல்லிவிட்டு, கட்டிலருகே போய் உட்கார்ந்தாள்.

கண்மாய்க்கரையைத் தாண்டிப் பைக்கை விட்டேன். மோட்டார் ரூமை ஒட்டிய வாய்க்காலுக்குள் பெரியவர் கிடந்தார். பாசியில் வழுக்கித் தொடை எலும்பு முறிந்திருக்கிறது. எழ முடியவில்லை. மடை திறக்காததால் தண்ணீர் ஏறி ஏறிக் கழுத்துக்கு வந்திருந்தது. கரையில் இருந்த புல்லைப் பிடித்துத் தலையை மட்டும் மேலே வைத்திருந்தார். நான் முதலில் ஓடிப்போய் ஸ்டார்ட்டரை அணைத்தேன். பிறகு வாய்க்காலுக்குள் இறங்கி அவரைத் தாங்கிப் பிடித்தேன். தண்ணீரில் கிடந்து அவர் உடம்பு விறைத்துப்போயிருந்தது.

"தட்டு நின்னுருச்சா தம்பி?" என்றார். அதுதான் அவர் கேட்ட முதல் வார்த்தை.

ஆமாம் என்றேன்.

"பயந்துருப்பாளே" என்று சொல்லி அழுதுவிட்டார். அவரைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.

பக்கத்து வயல்காரர்கள் வந்து தூக்கினார்கள். அந்த வலியிலும், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் ஆட்டோவை வீட்டு வாசலில் நிறுத்தியே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். கட்டிலில் இருந்து வாசல் நேராகத் தெரியும். ஆட்டோவில் படுத்தபடியே, "ஏட்டி, வந்துட்டேன்" என்று குரல் கொடுத்தார். அந்த அம்மா அவரைப் பார்த்தார். அதுவரை சட்டத்தைத் தட்டிக்கொண்டிருந்த கை அப்போதுதான் ஓய்ந்தது.

கால் தேறி அவர் கம்பு ஊன்றி நடக்க ஆரம்பித்தார். தை மாதம் அந்த அம்மா போய்விட்டார். காரியம் எல்லாம் முடிந்த பிறகு பெரியவரே கூப்பிட்டார்.

"பெட்டிய வந்து எடுத்துக்கிடுங்க தம்பி."

வீட்டிலேயே இருக்கட்டும், பாட்டாவது கேட்கலாமே என்று சொல்லிப் பார்த்தேன். அவர் அந்த வெறுங்கட்டிலைப் பார்த்தபடி, "இனிமே நான் எம்புட்டு நேரங் கழிச்சு வந்தா என்ன? யாரு பாத்துக்கிட்டு இருக்கா?" என்றார்.

பெட்டி இப்போது என் வீட்டில் இருக்கிறது. சில நாள் அந்த மூன்று தட்டுகளையும் அதே வரிசையில் அடுக்கிப் போடுவேன். நான் வெளியே கிளம்பும்போது மனைவி வழக்கம்போலக் கேட்கிறாள், நானும் நேரத்தைச் சொல்லிவிட்டுத்தான் போகிறேன். 'எப்ப வருவீங்க?' என்று கேட்க வீட்டில் ஓர் ஆள் இருப்பது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று, அந்தப் பெட்டி 'கிளிக்'கென்று நிற்கும் ஒவ்வொரு முறையும் வாசலைப் பார்த்தபடி நினைத்துக்கொள்கிறேன்.