வாய் தொறக்காமப் பெத்தவ

எனக்குப் பேய், மாடன், யட்சி இதிலெல்லாம் துளி நம்பிக்கை கிடையாது. இப்பவும் கிடையாதுன்னுதான் சொல்லுவேன், நீங்க சிரிச்சாலும் சரி. நான் பாறசாலையில ஒரு லேபுல ஆளுகளுக்க ரத்தம் எடுத்துப் பாக்குற ஜோலி செய்யுறவ, ரத்தத்துல என்ன உண்டு என்ன இல்லன்னு எனக்குத் தெரியும், அதுல பேய் இருந்து நான் ஒருநாளும் பாத்ததில்ல. இது நடந்தது ராத்திரியும் இல்ல கேட்டேளா. பட்டப்பகல், நல்ல வெயிலு, குளத்தூர்ல எங்க வீட்டு அடுக்களைக்குப் பின்னால உள்ள முறியில.

முதல்ல எனக்க வாயப் பாத்துக்கிடுங்க. மேல் வரிசையில முன்பல்லு ஒண்ணு இல்ல. பள்ளிக்கூடத்துல கபடி வெளையாடி விழுந்து போனது. பொண்ணு பாக்க வந்த அண்ணைக்கே எனக்க மாமி அதப் பாத்து முகம் சுளிச்சாவ, கல்யாணம் கழிஞ்ச பிறகும் "பல்லக் கெட்டு பிள்ளே, நாலாளு வாற வீடாக்கும்"ன்னு தெனமும் ஓதுவாவ. ஓத ஓத நான் வீம்புக்குன்னே கெட்டல்ல. அந்த மாதிரி ஒரு மாமியும் அந்த மாதிரி ஒரு மருமகளும், அவ்வளவுதான்.

எனக்கு மோள் பிறந்தது நெய்யாற்றின்கரையில, ஒரு ஆஸ்பத்திரியில. ராத்திரி முழுக்க நோவு, கட்டில் கம்பியைப் பிடிச்சுக் கத்துன கத்துல தொண்டை போச்சு, கடைசியில பிள்ளைக்கு நெஞ்சடிப்பு குறையுதுன்னு சொல்லி முதுகுல ஊசி போட்டு வயித்தக் கீறி எடுத்தாவ. எனக்கு அம்மை இல்ல, பெத்த வீட்டுல பாக்க ஆளில்ல, அதனால மாமிதான் பாத்தாவ. நல்லாத்தான் பாத்தாவ, இல்லன்னு சொன்னா நாக்கு அழுகிப் போவும். ஆனா பிள்ளைய பாக்க யாரு வந்தாலும் மாமிக்கு ஒரு பாட்டு உண்டு.

"கீறி எடுத்ததாக்கும். நோவு அறியாத பேறு. நான் எனக்க மோனை இதே முறியில வாய் தொறக்காமப் பெத்தவளாக்கும், அடுத்த வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது."

தும்முனா தையலு பிச்சுக்கிட்டுப் போற மாதிரி இருக்கும், இருமணும்னா வயித்துல தலையணைய அமுக்கிப் பிடிக்கணும், இவிய சொல்லுறாவ நோவு அறியாததுன்னு! எனக்குப் பத்தி எரியும். வீட்டுக்காரருகிட்ட சொன்னா, "அம்மை அப்பிடித்தான், விடு"ம்பாரு. விடுறதுக்கு அவருக்கென்ன, அவருக்க வயித்தயா கீறுனாவ.

அண்ணைக்கு மாமாவும் அவரும் வெளிய போயிருந்தாவ. வீட்டுல நானும் மாமியும் பிள்ளையும் மட்டுந்தான். வேது குளி நேரம், அந்தப் பின் முறியிலதான். வேதுன்னா உங்க பக்கம் உண்டோ என்னமோ, பெத்தவளை இலையெல்லாம் போட்டுக் கொதிக்க வச்ச வெள்ளத்துல குளிப்பாட்டுறது, அதுவும் சும்மா ஊத்துறதில்ல, வீசி அடிக்கணும். வயித்துல தையல் இருக்குன்னு முதுகுலயும் காலுலயும் மட்டும் மாமி அடிப்பாவ. தோலு உரியுற சூடு. நான் "அய்யோ"ன்னேன். உடனே தொடங்கியாச்சு. "இதுக்கே அய்யோவா? நானெல்லாம் வாய் தொறக்காம..."

எனக்கு எங்கயிருந்து வந்துதோ, திரும்பி நேர முகத்தப் பாத்துச் சொன்னேன், "மாமி, அந்த நோவுல வாய் தொறக்காம இருக்க மனுசியால முடியாது. வாயக் கெட்டி வச்சிருந்தாத்தான் உண்டு. எப்பிடி இருந்தீங்க, சொல்லுங்க கேப்போம்."

மாமி பதில் சொல்ல வாயத் தொறந்தாவ. சத்தம் வரல்ல.

கையில இருந்த செம்பு கீழ விழுந்து கொதிவெள்ளம் தரையெல்லாம் ஓடிச்சு. மாமி சுவரப் பிடிச்சாவ, முட்டு ரெண்டும் மடங்கி அப்பிடியே மல்லாக்க விழுந்தாவ. நெஞ்சு வலிதான்னு நெனச்சு நான் துண்டச் சுத்திக்கிட்டு ஓடிப் போய் பக்கத்துல இருந்தேன். அப்பதான் வயித்தப் பாத்தேன். ஒட்டிப்போன வயிறு அவியளுக்கு, அது கல்லு மாதிரி கெட்டியாகுது, பிறகு இளகுது, திரும்பக் கெட்டியாகுது. கைய வச்சுப் பாத்தேன். நான் அத அனுபவிச்சு கொஞ்ச நாளுதானே ஆச்சு, அது என்னன்னு எனக்குத் தெரியாதா? பேறு நோவு. அறுபத நெருங்குன பொம்பளைக்கு!

போன எடுத்து அவருகிட்ட "ஓடி வாங்க, அம்மைக்கு சுகமில்ல"ன்னேன், "இந்தா வாறேன்"ன்னாரு. திரும்பி வந்து பாத்தா, மாமிக்க கன்னம் ரெண்டும் குழிஞ்சு கிடக்குது. ஒரு பக்கம் ஒரு குழி, மறுபக்கம் நாலு குழி. உதடு பல்லோட சப்பி ஒட்டிக் கிடக்குது, மூக்கும் நசுங்கிக் கிடக்குது. யாரோ உள்ளங்கைய வச்சு வாயையும் மூக்கையும் சேத்து அமுக்குனா எப்பிடி இருக்கும், அப்பிடி. கண்ணு ரெண்டும் வெளிய தள்ளி முகம் நீலிக்குது. மூச்சு இல்ல. காலப் போட்டு அடிக்குறாவ, ஒரு சவுட்டு எனக்க தையல் மேலயே விழுந்துச்சு, கண்ணுல பூச்சி பறந்துது, கீழ பாத்தா துண்டுல ரத்தம். கட்டில்ல பிள்ள கெடந்து கத்திக் கரையுது. இவிய இப்ப செத்துருவாவ, எனக்க கண்ணு முன்னாலயே செத்துருவாவன்னே தோணிச்சு.

அந்தக் குழியெல்லாம் என்னன்னு தடவிப் பாக்க முகத்துக்கிட்ட கையக் கொண்டு போனேன். நம்பினா நம்புங்க, நம்பாட்டா போங்க. எனக்க கையில இன்னொரு கை தட்டுப்பட்டுது. கண்ணுக்குத் தெரியல்ல, ஆனா கை. சுருங்குன தோலு, எலும்பு, மணிக்கட்டுல ஒரு காப்பு, வெத்தலையும் பொகையிலையும் கலந்த ஒரு நாத்தம். எங்க வீட்டுல வெத்தல போடுற ஆளே கிடையாது.

பிடிச்சு இழுத்தேன், அசையல்ல. நகத்த வச்சுப் பிராண்டுனேன், அசையல்ல. மாமிக்க கண்ணு மேல சொருகத் தொடங்குனதும் எனக்கு வெறி பிடிச்சுது, குனிஞ்சு அந்தக் கைக்க ஓரத்துல, சுண்டுவிரலுக்குக் கீழ, கடிச்சேன். எனக்க பல்லு எலும்புல போய் முட்டுற வர கடிச்சேன். வாய் நிறைய ரத்தம். சூடான ரத்தம். ரத்தம் எனக்குப் புதுசில்ல, இருந்தாலும் அந்த ருசி இண்ணும் போகல்ல.

கை போச்சு. மாமி கத்துனாவ.

அது மாதிரி ஒரு சத்தம் நான் ஆஸ்பத்திரிப் பேறு முறியிலகூடக் கேட்டதில்ல, எனக்க வாயில இருந்தே வந்ததில்ல. வாழைத்தோட்டத்துக்கு அப்புறம் ரோட்டுல நின்ன ஆளுகளுக்குக் கேட்டிருக்கு. அப்பாடா, மூச்சு வந்துதேன்னு நான் நெனச்சு முடிக்கல்ல, "சப்பு"ன்னு ஒரு அடி. மாமிக்க தொடையில. அடிச்ச ஆளக் காணல்ல, சத்தம் மட்டும், ஆனா தோலுல அஞ்சு விரலும் சிவந்து எழும்புது. திரும்ப ஒண்ணு. திரும்ப ஒண்ணு. எனக்க கண்ணு முன்னால தடிப்புக்கு மேல தடிப்பா எழும்பிக்கிட்டே போகுது.

மாமி சின்னப் பிள்ள மாதிரி கைகூப்பிக் கரையுறாவ. "அடிக்காதீங்க மாமி... நான் கடிக்கல்ல மாமி... எனக்க பிள்ளைக்க மேல ஆணையா நான் கடிக்கல்ல..."

எனக்க மாமி யாரையோ மாமின்னு கூப்பிடுறாவ. அவியளுக்க மாமியாரு செத்து எவ்வளவோ வருசமாச்சு, நான் கண்டதுகூட இல்ல. அதெல்லாம் யோசிக்க நேரமில்ல, நான் அந்தக் காலு மேல குறுக்க விழுந்து படுத்தேன். கடைசி அடி எனக்க முதுகுல விழுந்துது. அதோட நின்னுது. மாமிக்க வயிறு இளகிப் போச்சு, பிள்ளையும் கரைச்சல நிறுத்திட்டுது.

அவரும் மாமாவும் சேர்ந்துதான் வந்தாவ. வந்தவரு கண்டது என்ன? அம்மை தரையில, தொடையெல்லாம் அடி, கன்னத்துல விரல் பதிவு, பக்கத்துல பொண்டாட்டி, வாயில ரத்தம். அவரு எனக்க வாயப் பாத்த பார்வை இருக்கே, அத நான் செத்தாலும் மறக்க மாட்டேன். ஆஸ்பத்திரியில டாக்டரும் "ஆரா இவரெ தல்லியது?", ஆரு அடிச்சதுன்னு கேட்டுட்டு என்னையத்தான் பாத்தாரு. மாமிதான் காப்பாத்துனாவ. "வழுக்கி விழுந்தேன் சாரே. இவ இல்லெங்கி நான் இல்ல." ஈசிஜி எடுத்தாவ, ஸ்கேன் எடுத்தாவ, ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் திரும்பத் தையல் போட்டாவ.

வெளிய பெஞ்சுல மாமா வந்து இருந்தாரு. அதிகம் பேசாத மனுசன். "மக்கா, மறைக்காம சொல்லு. உனக்க வாயில அந்த ரத்தம் எங்கயிருந்து?"

"நான் ஒரு கையக் கடிச்சேன் மாமா. மாமிக்க வாயப் பொத்தி வச்சிருந்த கைய." பைத்தியம்னு சொன்னா சொல்லட்டுன்னுதான் சொன்னேன்.

மாமாவுக்க முகம் வெளுத்துப் போச்சு. பிறகு சொன்னாரு. அவருக்க அம்மைக்கு வலது கை ஓரத்துல, சுண்டுவிரலுக்குக் கீழ, ஒரு கடிச்ச தழும்பு உண்டாம். எனக்க வீட்டுக்காரரு பிறந்த அண்ணைக்கு உண்டானதாம். முன் முறியில ஆம்பளைய இருக்காவ, கத்துற பெகளம் கேக்கப்படாதுன்னு வாயப் பொத்துனேன், இவ கடிச்சுப்போட்டான்னு கிழவி சாவுற வர ஊரெல்லாம் சொல்லி நடந்திருக்கா. அதுக்காகப் பேறு பாயிலயே மாமிய அடிச்சிருக்கா. அண்ணைக்கு மட்டுமில்ல, பிறகும் ஒவ்வொரு சண்டையிலயும் அந்தத் தழும்பக் காட்டிக் காட்டி அடிச்சிருக்கா. மாமி தலையில அடிச்சு சத்தியம் பண்ணியும் ஒரு ஆளும் நம்பல்ல.

"நானும் நம்பல்ல மக்கா"ன்னாரு மாமா. "அம்மை செத்த அண்ணைக்குக் குளிப்பாட்டிக் கிடத்துனப்ப அந்தத் தழும்ப நல்லாப் பாத்தேன். மேல் வரிசையில நடுவுல ஒரு பல்லுக்க அடையாளம் இல்ல. உனக்க மாமிக்கு அண்ணைக்கும் இண்ணைக்கும் பல்லு முழுசா உண்டு."

சொல்லிட்டு எனக்க வாயப் பாத்தாரு. நான் வாய மூடிக்கிட்டேன்.

மாமிகிட்ட நானா ஒண்ணும் கேட்டதில்ல. ஒருநாள் பிள்ளைக்கு எண்ண தேய்ச்சுக்கிட்டே அவியளாச் சொன்னாவ, "அண்ணு அந்தக் கை விலகுனதாலதான் கடைசியில மூச்சு விட்டேன் மக்கா. இல்லெங்கி நானும் போயிருப்பேன், எனக்க மோனும் போயிருப்பான்." அவ்வளவுதான். வாய் தொறக்காமப் பெத்த கதைய பிறகு யாருகிட்டயும் சொன்னதில்ல. எனக்குத்தான் உறக்கம் வராது சில நாளு. நான் கடிச்சதுனால அவிய பிழைச்சாவளா, நான் கடிச்சதுனால ஆயுசு முழுக்க அடி வாங்குனாவளா? ரெண்டும் உண்டுல்லா.

எனக்க முதுகுல விழுந்த அந்த ஒரு அடி மறைஞ்சு போச்சு. இப்ப வீட்டுக்காரரு, மோளுக்குப் பேரு விளிக்குற சடங்குக்கு முன்ன பல்லக் கெட்டணும்னு நெய்யாற்றின்கரையில பல் டாக்டருகிட்ட சொல்லி வச்சாரு. நானும் செருப்ப மாட்டி எறங்குனேன். எத்தனையோ நாளு பல்லக் கெட்டு, பல்லக் கெட்டுன்னு ஓதுன அதே மாமி, வாசல்ல வந்து குறுக்க நின்னாவ.

"வேண்டாம் மக்கா. அது அங்ஙனே இருக்கட்டு. நீ அதக் கெட்டுனா, அண்ணைக்கு அந்தப் பேறு பாயில எனக்கு ஆரு இருக்கா?"

நான் செருப்பக் கழட்டிட்டேன்.