இரண்டாவது கையெழுத்து

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி கம்பெனிகளுக்குக் குறைவில்லை. அதில் ஒன்றில், செக்கிங் மேசையில், ஞானபாக்கியம் அக்காவுக்கு எதிர் ஸ்டூலில் எட்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். ஆபரேஷனில் ரத்தம் ஒற்றுகிற காஸ் துணித் துண்டுகளைப் பத்துப் பத்தாக அக்கா எண்ணிக் கட்டுவாள். நான் இன்னொரு தடவை எண்ணுவேன். சீட்டில் முதலில் அவள் கையெழுத்து, அதன் கீழே என்னுடையது.

பொங்கல் கழித்து ஒரு ட்ரெய்னிங் வைத்தார்கள். ஆபரேஷன் முடிந்ததும் துண்டுகளை எண்ணுவார்கள், ஒன்று குறைந்தால் நோயாளியின் வயிற்றுக்குள் தேடுவார்கள் என்று வந்தவர் சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். நாங்களும் குடித்தோம். அக்கா மட்டும் டம்ளரைத் தொடவில்லை.

அன்றைக்குப் பிடித்தது அவளுக்கு, எண்ணிக்கை தப்பிவிடுமோ என்ற பயம். ஒரே கட்டை நாலு தடவை எண்ணினாள். அவள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். காலையில் பஸ் ஸ்டாப் வரை வந்தவள், அடுப்பு கேஸை மூடினோமா என்று திரும்பிப் போவாள். பிறகு பூட்டுக்காக ஒரு தடவை. "இங்க காஸு, அங்க கேஸு" என்று நான் கேலி செய்தேன். செய்திருக்கக் கூடாது. நெஞ்சு படபடப்புக்கு ஈசிஜி எடுத்தாள். இதயம் நன்றாக இருக்கிறது, மனநல டாக்டரைப் பாருங்கள் என்றார்கள். அக்கா போகவில்லை.

வேலை பாதியாகக் குறைந்தது. இப்படியே போனால் வேறு ஆளைப் போட வேண்டிவரும் என்றார் சூப்பர்வைசர் சுப்புராஜ். சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அக்கா ஒரு பேப்பரை நீட்டினாள். வேலையை விடுவதாக எழுதியிருந்தாள்.

"முடியலட்டி மாரீஸ்வரி. எவுக வயித்துலயோ ஒரு துண்டு கெடக்குன்னே தோணுது. எம்புட்டு எண்ணுனாலும் தீரல."

எனக்குப் பரிதாபம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது.

"அப்போ நான் எதுக்குக்கா எதுத்தாப்புல உக்காந்திருக்கேன்? எட்டு வருசமா நான் போட்டது கையெழுத்தா, கோலமா?"

அக்கா என்னையே பார்த்தாள். "நீ எண்ணுதங்குறதே எனக்கு மறந்து போச்சுட்டி" என்று அழுதாள். நானும் அழுதேன், கோபம் குறையாமலே.

பேப்பரை வாங்கி என் டிபன் பாக்ஸுக்குள் வைத்துக்கொண்டேன். சாயங்காலம் அவள் புருஷன் தேவஇரக்கம் அண்ணனுக்குப் போன் செய்து, வீட்டிலும் இதே சட்டம் என்று சொன்னேன். அவள் பூட்ட வேண்டும், அண்ணன் இழுத்துப் பார்க்க வேண்டும். வியாழக்கிழமை டாக்டரிடம் நானும் கூடப் போவதாக முடிவானது.

திங்கட்கிழமை அக்கா நேரத்துக்கு வந்துவிட்டாள். முதல் கட்டை ஒரே தடவை எண்ணினாள். கையெழுத்துப் போட்டு என் பக்கம் தள்ளினாள்.

எண்ணினேன். ஒன்பது. திரும்ப எண்ணினேன். ஒன்பதேதான்.

இப்போது என் நெஞ்சு அடித்துக்கொண்டது. சத்தமில்லாமல் ஒரு துண்டைச் சேர்த்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். மனம் வரவில்லை.

"அக்கா, ஒண்ணு கொறையுது."

அவள் முகம் வெளுத்தது. பிறகு அடுக்கிலிருந்து ஒரு துண்டை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"அதுக்குத்தானட்டி நீ இருக்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த கட்டை எண்ண ஆரம்பித்தாள்.