டம்ளரில் நிற்கும் முகம்

1. அண்ணன் விசைப்படகில் மீன்பிடிக்கப் போனான்.
2. படகு கவிழ்ந்தது. நால்வரில் மூவர் ஜெகதாப்பட்டினத்துக்குத் திரும்பினார்கள். அண்ணன் கிடைக்கவில்லை.
3. படத்துக்கு மாலை போடச் சொன்னார்கள் சொந்தக்காரர்கள். "படம் செவுத்துல ஏறிட்டா அவன் எப்புடி வீட்டுக்கு வருவான்?" என்றாள் அம்மா. இருந்த போட்டோக்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.
4. எட்டு மாதம் கழித்து, மீன் ஆய்ந்துகொண்டிருந்த அம்மா கேட்டாள்: "அவன் மூக்கு எப்புடிடி இருக்கும்?"

போனை நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். படமாக இருக்கக் கூடாது, ஆனால் அவன் தெரிய வேண்டும்.

நான் மெக்கானிக்கல் படித்தவள். தாளில் முகத்தை வளைத்து, இழுத்து வரைந்து, நடுவில் பளபளப்பான உருளையை நிறுத்தினால் உருளைக்குள் அது நேராகத் தெரியும். உருளைக்கு அண்ணனின் எவர்சில்வர் டம்ளர் இருந்தது; மேலும் கீழும் ஒரே அகலம். யாரும் அதில் குடிப்பதில்லை. அம்மா தினமும் கழுவிக் கவிழ்த்து வைப்பாள். அதன் ஆரத்தை அளந்தேன். தரையில் உட்காரும் அம்மாவின் கண் உயரத்தை அளந்தேன். அவன் கடைசியாக எனக்கு அனுப்பிய செல்ஃபியைக் கட்டம் கட்டமாகப் பிரித்தேன். வரைய ஒன்பது நாள் ஆனது.

சித்தி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "என்னடி இது, கணவாய் மையக் கொட்டுன மாதிரி? இதுக்கா காலேஜுக்கு அனுப்புனோம்?"

"கொஞ்சம் இருங்க சித்தி" என்று டம்ளரை வைத்தேன். சித்தி சிரிப்பை நிறுத்திவிட்டு வெளியே போய்விட்டாள்.

அம்மா வந்து உட்கார்ந்தாள். டம்ளருக்குள் அண்ணன் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா தன் இடது புருவத்தைத் தொட்டாள்.

"தழும்பு இங்கிட்டுல்ல இருக்கும்? அங்கிட்டு மாறிக் கெடக்கு."

எல்லாம் அளந்த நான் அதைப் பார்க்கவில்லை. அவன் போன் செல்ஃபியை இடவலம் மாற்றியே சேமித்திருந்தது. நான் வரைந்தது, அவன் சவரம் செய்யும்போது கண்ணாடியில் தானே பார்த்த முகம். எங்கள் வீட்டில் அதை அவனைத் தவிர யாரும் பார்த்ததில்லை.

"மாத்தி வரைஞ்சுடுறேம்மா."

"வேணாம். சரியா வந்துட்டா அது அவன் படமா ஆயிடும். இது இருக்கட்டும்."

அன்றிலிருந்து மாலையில் அம்மாவே தாளை விரித்து டம்ளரை வைக்கிறாள். சரியான இடத்தில் உட்கார்ந்தால் அண்ணன். வாசலில் நின்று பார்த்தால் வாய் மட்டும் நீண்டு, எதையோ சொல்ல வருவது போல இருக்கிறது. வேலை முடிந்து வரும்போது அந்தப் பக்கம் பார்க்காமல்தான் உள்ளே நுழைகிறேன்.

அண்ணன் இன்னும் வரவில்லை. சுவரில் படம் இல்லை. தாள் சுருட்டி பீரோவின் மேல் இருக்கிறது. டம்ளர் கழுவிக் கவிழ்த்திருக்கிறது. தழும்பை நான் திருத்தவில்லை.