தட்டாத கை

எங்கள் அலுவலகத்தில் ஒரு விளையாட்டு உண்டு. வெள்ளை அட்டை ஒன்றில் நாணயம் அளவுக்கு ஓட்டை போட்டு, ஏதாவது ஒரு காமிக்ஸ் பக்கத்தின் மேல் வைத்து, வெள்ளையக்காவிடம் நீட்டுவோம். ஓட்டை வழியாக அரைக் காது தெரியும், அல்லது குதிரையின் முழங்கால், அல்லது வெறும் கூரை ஓடு. அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு பார்வை பார்ப்பார். வரைந்தவர் யார் என்று சொல்லிவிடுவார். இருபத்திரண்டு வருடமாக நானும் ஏமாற்றிப் பார்க்கிறேன், ஒரு தடவைகூட என் பருப்பு வேகவில்லை.

வெள்ளையக்கா என்பது நாங்கள் வைத்த பெயர். அவர் விரல் நுனியில் எப்போதும் எழுத்தை அழிக்கும் வெள்ளைப் பெயின்ட் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் வந்தது. இப்போது அவர் கணினித் திரையில் வேலை பார்க்கிறார். பெயின்ட் போய்ப் பல வருடமாயிற்று, பெயர் போகவில்லை.

நாங்கள் வேற்றுமொழிக் காமிக்ஸ்களை வாங்கி நம் மொழியில் வெளியிடுகிறோம். வசனம் எழுதுவது நான். பேச்சுக் குமிழிக்குள் இருக்கும் பழைய எழுத்தை அழித்து என் வசனத்துக்கு இடம் பண்ணித் தருவது அக்கா. கேட்க லேசாக இருக்கும். ஆனால் குமிழிக்கு வெளியேயும் எழுத்து இருக்கும். துப்பாக்கி வெடிக்கும் சத்தம், கதவு தட்டும் சத்தம் எல்லாம் படத்தின் மேலேயே கொட்டை எழுத்தில் உட்கார்ந்திருக்கும். அதை அழித்தால் அடியில் வெற்றுத்தாள்தான். ஓடுகிற குதிரைக்குக் கால் இருக்காது, வீட்டுக்குச் சுவர் இருக்காது. அந்தக் காலையும் சுவரையும் அக்காதான் வரைந்து நிரப்ப வேண்டும், அதுவும் மூல ஓவியரின் கைப்போக்கிலேயே. ஒட்டுப்போட்ட இடம் வாசகர் கண்ணில் பட்டால் வேலை கெட்டது என்று அர்த்தம். ஒரு நாளைக்கு ஆறு பக்கம், இருபத்திரண்டு வருடம். எத்தனை கால், எத்தனை சுவர் என்று அவருக்கே தெரியாது.

அந்தப் பழைய புத்தகங்களில் ஓவியர் பெயர் இருக்காது. பல ஓவியர்கள் சேர்ந்து வேலை பார்த்த சித்திரக்கூடத்தின் முத்திரை மட்டும் இருக்கும். அதனால் அக்காவே பெயர் வைத்துக்கொண்டார். காலணிக்காரர் என்று ஒருவர். அவர் வரையும் முகங்கள் எல்லாம் ஒரே அச்சுதான், ஆனால் செருப்பையும் பூட்ஸையும் பார்த்தே எவன் பொய் சொல்கிறான் என்று கண்டுபிடித்துவிடலாம். சந்தைக்காரர் என்று இன்னொருவர். ஒரு கட்டத்துக்குள் இருநூறு பேரை அடைப்பார், அத்தனை பேருக்கும் தனித்தனி வேலை கொடுப்பார், அதில் ஒருவன் மட்டும் நம்மையே பார்த்துக்கொண்டிருப்பான். எனக்கு அவர்தான் உசத்தி. இருநூறு பேரை வரைகிறவன் உழைப்பாளி என்பது என் கட்சி.

அக்காவின் கட்சி மழைக்காரர். இத்தனைக்கும் அந்த மனிதர் மழையை வரைந்ததே இல்லை. ஒரு கோடு, ஒரு துளி இருக்காது. நனைந்த தோள்பட்டை இருக்கும், தரை கொஞ்சம் மின்னும், மீதி இடமெல்லாம் காலி.

“பாதிக் கட்டம் சும்மா கிடக்கு. சம்பளத்தை மட்டும் முழுசா வாங்கியிருப்பாரு” என்பேன்.

“உனக்கு எல்லாத்தையும் ஊட்டி விடணும் தம்பி. அவரு என்னை நம்பி விட்டுட்டுப் போறாரு. மிச்சத்தை நீ பாத்துக்கோன்னு சொல்றாரு. எத்தனை பேரு நம்மளை அப்படி நம்புறாங்க?”

அக்காவின் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுநர். காமிக்ஸ் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கிடந்த மழைக்காரர் பக்கத்தைப் பார்த்துவிட்டு, “இதுல மழையையே காணோம், ஆனா வைப்பர் போடணும் போல இருக்கு” என்றாராம். மறுநாள் அலுவலகத்தில் அக்கா இதைப் பதினெட்டு முறை சொன்னார். நான் எண்ணினேன்.

அப்பேர்ப்பட்ட மழைக்காரரின் ஒரே ஒரு கட்டத்துக்கு மட்டும் நானும் மசிந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மலைத் தபால்காரி கதையில் வருவது. மகன் இறந்த செய்தியைத் தாங்கிய கடிதத்தோடு தபால்காரி ஓர் அம்மாவின் வீட்டு வாசலில் நிற்கிறாள். நனைந்த முதுகு, மூடிய கதவு, பெரிய வெற்றுச் சுவர். தட்டுவதற்காக மடக்கிய கை கதவைத் தொடாமல் ஒரு விரல் தள்ளி நிற்கிறது. பார்க்கிற நமக்கு அந்தக் கையைப் பிடித்து இழுத்துவிடலாமா என்றிருக்கும். அதைப் பெரிதாக அச்செடுத்து, சட்டம் போட்டு, என் நாற்காலிக்குப் பின்னால் மாட்டினேன். கீழே பென்சிலால் ‘மழைக்காரர்’ என்று எழுதினேன். அக்கா அன்று எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தார்.

போன வருடம் மழைக்காரரின் பதினொரு கதைகளையும் சேர்த்துக் கெட்டி அட்டையில் ஒரே புத்தகமாகப் போட முதலாளி முடிவு செய்தார். உரிமை வைத்திருந்த கம்பெனி, ஓவியர் பெயராகச் சித்திரக்கூடத்தின் தலைவர் பெயரைப் போடச் சொன்னது. அவர் கையெழுத்திட்ட படம் ஒன்றைப் பார்த்ததும் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது, அந்தத் தலைவர் வேறு யாருமில்லை, காலணிக்காரர். அக்கா கொதித்துப் போனார்.

விளம்பரம் இணையத்தில் வெளியான வாரமே, அந்தக் கதைகளின் மூல நாட்டுப் பெண்மணி ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அந்தக் கதைகளை வரைந்தது என் அப்பா, சித்திரக்கூடத்தில் உதவியாளராக இருந்தார், கையில் எந்த ஆதாரமும் இல்லை, வயது எண்பத்து நான்கு, ஒரு புத்தகத்திலாவது அவர் பெயரைப் பார்த்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தார். வீட்டில் கிடந்த நாலு பென்சில் படங்களையும் இணைத்திருந்தார். ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல், தூங்குகிற குழந்தை, குடை.

அக்கா படங்களைத் திறந்தார். கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. அப்புறம் திரும்பி எங்களைப் பார்த்து, “இவருதான்” என்றார். இருபத்திரண்டு வருடம் தினமும் கூடவே இருந்த மனிதருக்கு ஒரு வீடும் மகளும் இருப்பதே அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

கம்பெனிக்கு எழுதினோம். எங்களிடம் இருந்த ஆதாரம் அக்காவின் கண் ஒன்றுதான். அவர்கள் கொஞ்சம் இறங்கி வந்து, மறுக்க முடியாத ஒரு கட்டத்தைக் காட்டுங்கள், மூன்று வாரத்தில் அச்சு, அதற்குள் முடிவு சொல்கிறோம் என்றார்கள். அக்கா யோசிக்கவே இல்லை. என் நாற்காலிக்குப் பின்னால் கையைக் காட்டினார்.

“இதை அனுப்பு. உலகத்துல வேற எவனும் இந்தக் கையை இப்படி நிறுத்தமாட்டான்.”

நானே ஒரு பக்கத்துக்கு விளக்கம் மொழிபெயர்த்து அனுப்பினேன். நாலாம் நாள் பதில் வந்தது.

கம்பெனியின் மூலப் பக்கத்தில் அந்தக் கையே இல்லை. முழங்கைக்கு அப்பால் கதவு தட்டும் சத்தம் கொட்டை எழுத்தில் கட்டத்தையே அடைத்துக்கொண்டு நிற்கிறது. கூடவே ஒரு வரி: ஓவியரின் கைக்கும் தன் கைக்கும் வித்தியாசம் தெரியாதவரின் சாட்சியத்தை நாங்கள் எப்படி ஏற்பது?

அப்போதுதான் எனக்குப் பழைய சண்டை ஞாபகம் வந்தது. அந்தப் பக்கத்துக்கு ‘டக் டக்’ என்று எழுதிக் கொடுத்தேன். அக்கா அதற்கு இடமே விடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, “இவரு படத்துல சத்தம் போடாத தம்பி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எழுத்தை அழித்ததும் அடியில் கை இருந்தது என்று நான் பாட்டுக்கு நினைத்துக்கொண்டேன். அழித்தால் அடியில் வெற்றுத்தாள்தான் என்று இந்தக் கதையின் தொடக்கத்தில் உங்களுக்குப் பாடம் எடுத்த அதே ஆள்தான்.

முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். “ஸ்கேன் மாறிப்போச்சுன்னு எழுதிடலாமா அக்கா? வேற கட்டம் அனுப்பலாம்.”

அக்கா கொஞ்ச நேரம் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. அப்படி அவரை நான் பார்த்ததே இல்லை, பார்க்கப் பிடிக்கவும் இல்லை.

“வேணாம் சார். நான் வரைஞ்சதை நான் வரைஞ்சேன்னு சொல்லிடுவோம். நான் பொய் சொன்னா அந்தப் பெரியவர் பேருலயும் சேறு ஒட்டும். அவங்களை வீடியோவுல கூப்பிடுங்க.”

மறுநாள் காலை கூப்பிட்டோம். மறுமுனையில் கம்பெனியின் மூலப் பக்கங்களைப் பாதுகாக்கும் அதிகாரி. மெல்லிய கையுறை, கறாரான முகம். நடுவில் மொழிபெயர்ப்பாளன் நான். அக்கா பேசியதை நான் சற்றே பூசி மெழுகப் பார்த்தேன். முழங்கையால் விலாவில் ஒரு இடி விழுந்தது.

“நான் சொன்னதை மட்டும் சொல்லு. அந்தக் கை என்னோடது. மறந்துட்டேன், தப்புதான். இப்ப அவங்ககிட்ட ஒண்ணு கேளு. அந்தச் சத்த எழுத்து தாள்லயே எழுதினதா, தனியா எழுதி ஒட்டினதா?”

அதிகாரி பக்கத்தைச் சாய்த்து, பக்கவாட்டில் பார்த்தார். ஒட்டியதுதான்.

“அப்ப அதைப் பிரிக்கச் சொல்லு. அடியில ஒரு கை இருக்கும். கதவைத் தொட்டிருக்காது. ஒரு விரல் இடைவெளி இருக்கும். தொட்டிருந்துச்சுன்னா நான் இந்த வேலையையே விட்டுடறேன். இல்லன்னா அந்தப் பெரியவர் பேரைப் போடணும்.”

“அக்கா, வேலையை விடறதெல்லாம் எதுக்கு...” என்று இழுத்தேன்.

“சொல்லுடா!”

இருபத்திரண்டு வருடத்தில் முதல் ‘டா’. சொன்னேன்.

எங்களுக்குத் தெரிந்த விஷயம் இது. ஒட்டுத்தாளின் அடியில் இருப்பது எந்த நாட்டிலும் எந்தப் புத்தகத்திலும் அச்சானதில்லை. வரைந்தவரையும் ஒட்டியவரையும் தவிர யாரும் பார்த்ததில்லை. அதைப் பார்க்காமலே ஒருவர் சொன்னால், அவர் கண்ணை நம்பித்தான் ஆக வேண்டும். அதிகாரிக்கும் அது விளங்கியது. பசை காய்ந்துபோன பழைய தாள், ஈரம் காட்டி மெதுவாகத்தான் பிரிக்க வேண்டும், இரண்டு மணி நேரம் கழித்துக் கூப்பிடுகிறேன் என்றார். அந்த இரண்டு மணி நேரமும் அக்கா வேறொரு புத்தகத்தின் குமிழிகளை அழித்துக்கொண்டிருந்தார். நான்தான் மூன்று தடவை கழிப்பறைக்குப் போய்வந்தேன்.

திரையில் மறுபடி அந்தப் பக்கம் வந்தது. ஒட்டுத்தாள் இருந்த இடம் பழுப்பேறியிருந்தது. நடுவில் ஒரு கை. கதவைத் தொடவில்லை. ஒரு விரல் இடைவெளி.

முதலாளி கைதட்டிவிட்டார். நான் கத்தியே விட்டேன். அக்கா மட்டும் எங்களோடு சேரவில்லை. திரைக்கு மிக அருகில் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

“அக்கா, ஜெயிச்சிட்டீங்க. எதுக்கு அழுவுறீங்க?”

“நல்லா பாரு தம்பி. நான் மடக்கின கையை வரைஞ்சேன். தட்டப்போற கை. அவரு விரலைப் பிரிச்சு வரைஞ்சிருக்காரு பாரு. இது இறங்குற கை. அவ தட்டல. அவளால தட்ட முடியல. அடுத்த பக்கத்தை எடு.”

அடுத்த பக்கத்தில் கதவு திறந்திருக்கும், அந்த அம்மா நிற்பாள். எனக்கு மனப்பாடம், நான் வசனம் எழுதிய பக்கம். தட்டினாள், திறந்தது என்றே இத்தனை வருடம் படித்திருந்தேன். தட்டவில்லை என்றால், அந்த அம்மா ஏற்கெனவே கதவுக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறாள். செய்தி வருகிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அது வாசகருக்குப் புரியாது என்று எவனோ ஒரு புத்திசாலி மேலே சத்தத்தை ஒட்டியிருக்கிறான். சந்தைக்காரரின் இருநூறு பேரையும் அந்த நிமிடமே நான் கைவிட்டேன்.

கம்பெனி இரண்டே நாளில் சம்மதக் கடிதம் அனுப்பியது. அட்டையில் பெரியவரின் முழுப்பெயர், கதைத் தலைப்பை விடப் பெரிதாக. புத்தகத்தில் அந்தக் கட்டத்துக்கு வந்தபோது அக்கா தன் கையைத் தானே அழித்தார். மூலத்தின் கையை அங்கே வைத்தார். வாசகர்கள் கொண்டாடிய கை, ஒரு நிமிடத்தில் போயிற்று. அவர் முகத்தில் துளி வருத்தம் இல்லை.

பிரதி கிடைத்த அன்று மகள் போன் செய்தார். அப்பா படங்களையே பார்க்கவில்லை, அட்டையில் இருக்கும் பெயரையே தடவிக்கொண்டிருக்கிறார் என்றார். நான் மொழிபெயர்த்தேன். அக்கா, “தடவட்டும், தடவட்டும்” என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலை என் நாற்காலிக்குப் பின்னால் இருந்த சட்டத்தைக் கழற்றினேன். உண்மையான கட்டத்தை அச்செடுத்து மாட்டலாம் என்று நினைத்தேன். அக்கா தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே பார்த்தார்.

“அதை எதுக்குக் கழட்டுற? நல்லாத்தானே வரைஞ்சிருக்கேன். அங்கயே இருக்கட்டும். கீழ பேரை மட்டும் மாத்து.”

ரப்பரால் ‘மழைக்காரர்’ என்பதை அழித்தேன். பென்சிலைக் கையில் எடுத்தவன் அப்படியே நின்றேன். இருபத்திரண்டு வருடம் எதிர் மேசையில் உட்கார்ந்திருந்தவரின் முழுப்பெயர் எனக்குத் தெரியாது. வெட்கத்தை விட்டு அவரிடமே கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.