குரோம்பேட்டையில் இறங்கச் சொன்னேன்

எண்பதுகளில் மின்சார ரயில் தாம்பரம் சானடோரியத்தில் நின்றால் ஜன்னலோரம் இருப்பவர்கள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். காசநோய் ஆஸ்பத்திரி இருக்கிற ஊராம், காற்றே ஆகாதாம். அங்கே இறங்குகிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் ஆபீசில் யாராவது வீடு எங்கே என்று கேட்டால், வெட்கங்கெட்டவன், பக்கத்து ஸ்டேஷனான குரோம்பேட்டை என்றுதான் சொல்வேன்.

அப்பாவுக்கு இந்த வித்தையெல்லாம் வராது. "நாலு ஜில்லாவுல சாகக் கெடந்தவன் வந்து பொழைச்சுப் போற ஊருடா இது" என்பார். கடிதத் தலைப்பில் 'சானடோரியம்' என்று கொட்டை எழுத்தில் எழுதுவார். இந்த ஒரு விஷயத்தில் எங்களுக்கு ஒத்தே போனதில்லை.

தங்கைக்கு வரன் தேடியபோது இரண்டு இடங்களில் விலாசத்தைப் பார்த்ததுமே ஜாதகத்தைத் திருப்பி அனுப்பினார்கள். பொருத்தமில்லை என்று எழுதியிருந்தார்கள். எனக்கா தெரியாது? மூன்றாவதாகப் பெரம்பூரிலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. இதையும் கோட்டைவிடக் கூடாதென்று தரகரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, அப்பாவுக்குத் தெரியாமல் விலாசத்தைக் குரோம்பேட்டை என்று மாற்றினேன். பெண் பார்க்க வந்தவர்களை அங்கேயே இறங்கச் சொல்லி, ஆட்டோவில் ஏற்றி, சானடோரியம் போர்டு எதுவும் கண்ணில் படாமல் சந்து சந்தாகச் சுற்றி அழைத்து வந்தேன்.

எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. பையனின் அம்மா தங்கையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, காபியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தார். அவர்கள் கிளம்பும்போது நான் ஆட்டோ கூப்பிட ஓடினேன். அப்பா தடுத்தார். "ஆட்டோ எதுக்குடா? சானடோரியம் ஸ்டேஷன் இதோ பின்னாடி. நடந்தே போயிடலாம்." அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

ஒரு வாரம் கழித்துத் தரகர் வந்து, அந்த இடம் வேண்டாமென்று சொல்லிவிட்டதாகச் சொன்னார். நான் அப்பாவின் மேல் பாய்ந்தேன். ஊர்ப் பெருமை பேசிப் பேசியே பெண்ணைக் காலத்துக்கும் வீட்டில் உட்காரவைக்கப் போகிறீர்கள் என்று கத்தினேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

தரகர் என்னை மட்டும் வாசலுக்குக் கூப்பிட்டார்.

"அவர் மேல இன்னாத்துக்கு சார் பாயிற? அந்தப் பையனோட அம்மாவே இந்த ஆஸ்பத்திரில ஆறு மாசம் கெடந்து பொழைச்சவங்கதான். அத்த உங்ககிட்ட மறைக்காம சொல்லிடணும்னுதான் வந்தாங்களாம். ஊர் பேரையே மறைக்கிறவங்க நாளைக்கு என்னை இன்னான்னு நினைப்பாங்கன்னு கேக்குறாங்க. நான் இன்னா பதில் சொல்றது?"

உள்ளே போய் அப்பாவிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அப்புறம் நாள் தள்ளித் தள்ளிப் போய், சொல்லவே இல்லை.

நான்கு வருஷம் கழித்துத் தங்கைக்கு வேறு இடத்தில் கல்யாணம் அமைந்தது. பத்திரிகைக்கு விலாசத்தை அப்பாவே எழுதினார். வீட்டு எண், தெரு, சென்னை-47. அவ்வளவுதான். அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் என்னிடம் கொண்டுவந்து காட்டினார்.

"இப்ப சரியாடா?"

சரி என்றேன்.