சந்தனம் வைத்த பந்து

1988 அக்டோபர் 19, புதன்கிழமை. ஆயுத பூஜை. ஐந்து மணிக்கு எழுந்தேன். ஐந்தரைக்குத் திருமுல்லைவாயில் ஏரிக்கரைத் திடலில் இருந்தேன். வலது காலில் முந்நூறு தட்டு, இடது காலில் முந்நூறு, தொடையில் நூறு, தலையில் நூறு. கடைசியாக, பிடரியில் பந்தை நிறுத்திக்கொண்டு சட்டையைக் கழற்றி மறுபடி மாட்டுவது, ஆறு முறை. நான்காவது முறை பந்து விழுந்தது. டைரியில் அப்படியே எழுதியிருக்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. பந்தைத் தரையில் விடாமல் உடம்பிலேயே ஆடவைத்துக் காட்டுவதுதான் என் வேலை. பள்ளி ஆண்டு விழா, கால்பந்துப் போட்டியின் இடைவேளை, கம்பெனி விழா என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவேன். அதற்காகவே ஜூலையில் லேத்துப் பட்டறை வேலையை விட்டேன். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் டர்னராக இருந்த அப்பாவால் அதைப் பொறுக்க முடியவில்லை. பழைய முதலாளியைப் பார்த்து, விஜயதசமி காலை எட்டு மணிக்கு நான் மறுபடி சேர்ந்துவிடுவதாகச் சொல்லிவிட்டு வந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பத்து மணிக்குப் பூஜை. பலகையில் அப்பாவின் மைக்ரோமீட்டர், சுத்தியல், ஸ்பேனர்கள், அரிவாள்மணை. பக்கத்தில் அம்மாவின் தையல் மிஷின், மாலையோடு. நான் பந்தைக் கழுவித் துடைத்து மைக்ரோமீட்டருக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இன்னாடா இது? கால்ல ஒதைக்கிறத சாமிகிட்ட கொணாந்து வச்சிகினு கீற?" என்றார் அப்பா.

"என் ஆயுதம் நைனா."

"ஆயுதமா? செருப்புகூடத்தான் தெனம் போடுற. அத்தயும் எட்தாந்து வையி."

"அம்மா மிஷினையும் கால்லதான் மிதிக்கிது. அதுக்கு மட்டும் மாலை போட்டுக்கீற?"

அம்மா சிரித்துவிட்டார்.

"மிஷினு சோறு போடுதுடா" என்றார் அப்பா.

"இதுவும் போடும்."

அம்மா சந்தனக் கிண்ணத்தில் விரலைத் தொட்டு, பந்தின் வெள்ளைக் கட்டம் ஒன்றில் பொட்டு வைத்து, அதன் மேல் குங்குமம் இட்டார். அதற்குமேல் அப்பாவால் எதுவும் செய்ய முடியாது. பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை யாரும் எடுக்கக் கூடாது. இரவுச் சமையலுக்கான காயைக்கூட அம்மா முன்பே நறுக்கி வைத்துவிடுவார்.

நான்கு மணிக்கு என் நண்பன் ஸ்கூட்டரில் வந்தான். எஸ்டேட்டில் ஒரு பெரிய கம்பெனியில் வேலை, அங்கே விழா ஏற்பாடெல்லாம் அவன் பொறுப்பு. அந்த மேடைக்காக ஜூலையிலிருந்து அவனை நச்சரித்துக்கொண்டிருந்தேன்.

"மாமே, கச்சேரிக்காரன் கைய விரிச்சிட்டான். ஆறு மணிக்கு மேடை காலி. மொத்த ஆபீசரும் வராங்க. அரை மணி நேரம் ஆடு, அப்பாலிக்கா வருசா வருசம் உனக்குத்தான். பந்த எட்துகினு ஏறு."

என் கண் பலகைக்குப் போனது. நாற்காலியில் பொரி தின்றுகொண்டிருந்த அப்பா நிமிராமலே சொன்னார்:

"எட்துகினு போயேன்டா. பொம்மதானே. சாமி ஒண்ணும் சொல்லாது."

எடுத்தால் அது பொம்மை என்று நானே ஒப்புக்கொண்டதாகும். பிறகு எந்த வாயால் பட்டறைக்கு வரமாட்டேன் என்று சொல்வது?

"வரல மச்சான். பந்து பூஜைல கீது."

"வேற பந்து நான் தரேன், வா."

"எங்க நைனா இன்னிக்கி அடுத்தவன் லேத்த ஓட்டுவாரா, கேளு."

அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பா பொரியைப் பார்த்தார்.

"பந்துக்கு லீவு உட்ட மொத ஆளு நீதான்டா" என்று ஸ்கூட்டரை ஓங்கி உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனான். அந்தக் கம்பெனி என்னைப் பிறகு கூப்பிடவே இல்லை. போகட்டும். அடுத்த பத்து வருடம் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் வேறு மேடைகளில் ஆடித்தான் சாப்பிட்டேன். அன்றைய டைரியில் ஒரே வரி: "மாலை ஆட்டம் இல்லை. ஆயுதம் பூஜையில்."

மறுநாள் ஆறரைக்குக் கற்பூரம் காட்டிப் பூஜையை எடுத்தோம். அப்பா மைக்ரோமீட்டரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் பந்தை ஒற்றிக்கொண்டேன். பொட்டின் மேல் கால் படக் கூடாது என்பதால், வாசலில் நின்று முதல் தட்டைத் தலையால் தட்டினேன். அப்பா சாப்பாட்டு டப்பாவோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"எட்டு மணிக்குப் பட்டற" என்றார்.

அப்போது எழுபத்து மூன்றாவது தட்டு. நான் நிறுத்தவில்லை. அவர் ஒருமுறை மணி அடித்தார். எண்பத்தெட்டில் சைக்கிள் தெருமுனையில் திரும்பியது. நெற்றியெல்லாம் சந்தனத்தோடு நூறு முடித்துவிட்டுத்தான் பந்தைக் கையில் எடுத்தேன்.